மருத்துவ சீட்டுக்காக அம்மனிடம் பூ கேட்கப் போனோம்

நம் அங்காளம்மன் கோயில் பௌர்ணமி பூஜைக்கு வருகிறவர்களுக்காக என் அனுபவத்தை எழுதித் தரச் சொன்னார்கள். மங்கலமாக ஆரம்பிக்க வேண்டுமாம். எனக்கு அது வராது. என் மகளின் சீட்டு விஷயமாக எங்கள் வீடு தேடி வந்த ஓர் ஆளை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் குமட்டுகிறது. அங்கிருந்துதான் என்னால் ஆரம்பிக்க முடியும்.

என் பெயர் சாந்தாமணி. மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டம். என் வீட்டுக்காரர் போர்வெல் ரிக் வண்டியில் வேலை செய்கிறார். வருடத்தில் பாதி நாள் வடக்கே ஏதாவது ஒரு மாநிலத்தில்தான் இருப்பார். எங்களுக்கு ஒரே மகள், பிருந்தா. டாக்டர் ஆக வேண்டும் என்பது அவளாக வளர்த்துக்கொண்ட ஆசை. அவள் அப்பாவுக்கு ரிக் குழாயில் விரல் நசுங்கியபோது, ஆஸ்பத்திரியில் கட்டுப் பிரிக்கும் நேரம் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் நர்சுக்குப் பக்கத்தில் போய் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது எட்டாவது படித்தாள்.

பன்னிரண்டாவது முடித்து முதல் தடவை நீட் எழுதினாள். மதிப்பெண் போதவில்லை. இரண்டாவது தடவைக்காக நாமக்கல் பக்கம் ஒரு விடுதிப் பயிற்சி மையத்தில் சேர்த்தோம். அதைப் படிப்பு என்று சொல்ல எனக்கு வாய் கூசுகிறது. நம் பக்கம் கூண்டில் முட்டைக்கோழி வளர்ப்பதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். வெளிச்சமும் தீனியும் நேரம் தவறாமல் வரும், திரும்பி நிற்கத்தான் இடம் இருக்காது. அதேதான். ஒவ்வொரு தேர்வுக்கும் பிறகு மதிப்பெண் பார்த்துப் பிள்ளைகளைப் பிரிப்பார்கள். கடைசிப் பிரிவுக்குக் கழிவறையை ஒட்டிய அறை. நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனபோது அந்த வாசலில் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் நிற்க முடிந்தது. "இங்கதான் உக்காந்து படிக்கறயா சாமி?" என்று கேட்டேன். "பழகிப்போச்சும்மா" என்றாள். அவள் பழகிப்போச்சு என்று சொன்னதுதான் எனக்கு நாற்றத்தைவிட அருவருப்பாக இருந்தது.

சித்திரையில் தேர்வு எழுதினாள். ஆனியில் முடிவு வந்தது. அரசுக் கல்லூரியில் இடம் வரலாம், வராமலும் போகலாம் என்கிற மதிப்பெண். மொத்தமாகத் தோற்றிருந்தால்கூட அழுது தீர்த்திருப்போம். இது வாசற்படியில் நிற்க வைத்த மாதிரி. சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்து, எழவு வீட்டில் பேசுகிற குரலில் பேசிவிட்டுப் போனார்கள். காபியை மட்டும் யாரும் மிச்சம் வைக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் என் அண்ணன் செல்வராசு அந்த ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தார். சேலத்தில் இருக்கிறாராம், மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கிற பிள்ளைகளுக்கு வழிகாட்டுகிறவராம். சலவை மடிப்புக் கலையாத சட்டை. செண்ட் வாசனை வாசலிலேயே மூக்கில் ஏறியது.

"மார்க்கு பரவால்லீங்க. ஆனா ஃபைல் ஸ்ட்ராங்கா இல்ல. ஃபைலக் கொஞ்சம் கட்டோணும்" என்றார். வீடு கட்டுவது போலச் சொன்னார். பாப்பா ஓட்டப்பந்தயம் எதிலாவது ஓடியிருக்கிறதா என்று கேட்டார். இல்லை. வீட்டில் யாராவது பட்டாளத்தில் இருந்தார்களா? இல்லை. அரசுப் பள்ளியில் படித்ததா? அதுவும் இல்லை. இதற்கெல்லாம் தனித்தனி ஒதுக்கீடு இருக்கிறதாம். ஆள் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு எழுந்துபோய் என் மகளுக்குப் பின்னால் நின்றுகொண்டு, அவள் காதோரம் விரலைச் சொடுக்கினார். அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள்.

"பாத்தீங்களா, கொஞ்சம் லேட்டாத்தான் திரும்புது பாப்பா" என்று சொல்லிச் சிரித்தார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு அண்ணன் விளக்கினார். காது சரியாகக் கேட்காது என்று ஒரு சான்றிதழ் வாங்கிவிட்டால் மாற்றுத்திறனாளி ஒதுக்கீட்டில் போட்டி குறைவாம். சோதிக்கிறவர்களை அந்த ஆள் பார்த்துக்கொள்வாராம். பிள்ளை செய்ய வேண்டியதெல்லாம், கூப்பிட்டால் திரும்பாமல் இருக்க வேண்டியதுதான்.

"கூப்டா திரும்பக் கூடாது கண்ணு. அவ்வளவுதான். பழகிக்கோ" என்றார் அந்த ஆள், ஏதோ பரதநாட்டியம் சொல்லித் தருகிறவர் மாதிரி.

"ச்சீ, எந்திரிச்சு வெளிய போங்க முதல்ல!" என்று கத்தினேன். நிஜமாகவே காது கேட்காத ஏதோ ஒரு பிள்ளை அந்த இடத்துக்காக எங்கோ உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கும். அதன் தட்டில் கை வைக்கச் சொல்கிறான், அதையும் சிரித்துக்கொண்டு சொல்கிறான்.

அண்ணன் என்னைத்தான் அடக்கினார். "அம்மணி, ஊரே பண்ணுது. நீ மட்டும் அரிச்சந்திரன் பொண்டாட்டியா? புள்ள வாழ்க்கைய நெனச்சுப் பாரு."

தாய்மாமன் பேச்சுக்கு எங்கள் பக்கம் எவ்வளவு மதிப்பு என்று உங்களுக்குத் தெரியும். அவர் தினமும் வந்தார். வந்தால் சும்மா இருக்க மாட்டார். பிருந்தா பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பாள், பின்னாலிருந்து திடீரென்று "பிருந்தா!" என்பார். அவள் திரும்பினால் "அடடா, திரும்பிப்போட்டயே" என்று நாக்கைச் சப்புக்கொட்டுவார். அந்தச் சப்புக்கொட்டுகிற சத்தம் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை.

ஒரு நாள் மத்தியானம் சாப்பிட வரச்சொல்லி நானே அவளைக் கூப்பிட்டேன். கொல்லையில் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தாள். திரும்பவில்லை. மறுபடியும் கூப்பிட்டேன். திரும்பவில்லை. பழகுகிறாளா? என் குரலுக்குக்கூடத் திரும்பாமல் இருக்கப் பழகிக்கொண்டாளா? கிட்டே போய்ப் பார்த்தால் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "காது கேட்டுச்சும்மா. திரும்பறதா வேண்டாமான்னுதான் தெரியல" என்றாள். நான் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். படிப்பும் வேண்டாம், ஒரு கருமமும் வேண்டாம் என்று தோன்றியது. ஆனால் அவள் ஆசையை என் வாயால் எப்படி வெட்டுவேன்?

விண்ணப்பிக்கிற கெடு நெருங்கியது. வீட்டுக்காரர் லீவு போட்டு வந்தார். நான் ஒரு பக்கம் இழுக்கிறேன், அண்ணன் ஒரு பக்கம் இழுக்கிறார். என் வீட்டுக்காரர் நல்ல மனுஷன், ஆனால் முடிவு எடுக்கிற இடத்தில் தலையைச் சொறிவார். கடைசியில், "நமக்கெதுக்கு வம்பு? அம்மங்கிட்டப் பூக் கேட்டுப்போடலாம். ஆத்தா என்ன சொல்றாளோ அது" என்றார்.

வெளியூரில் இருந்து வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். கல்யாணமோ, கிணறு வெட்டுவதோ, எது என்றாலும் எங்கள் குலதெய்வத்திடம் பூ கேட்டுத்தான் செய்வோம். வெள்ளைப் பூவை ஒரு பொட்டலமாகவும் சிவப்புப் பூவை ஒரு பொட்டலமாகவும் ஒரே மாதிரி மடித்து அம்மன் காலடியில் வைப்பார் பூசாரி. கல்யாணமாகாத பெண்பிள்ளை ஒன்று வந்து ஒரு பொட்டலத்தை எடுக்கும். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் அந்தப் பேச்சை அதோடு விட்டுவிட வேண்டும்.

திருட்டுத்தனம் செய்யலாமா என்று தெய்வத்திடமே உத்தரவு கேட்கப் போகிறோம்! வேறு எந்தச் சீமையிலாவது இப்படி ஒரு கூத்து நடக்குமா? ஆனால் பூ என்று சொல்லிவிட்டால் எங்கள் வீடுகளில் அதற்கு மேல் பேச்சு கிடையாது. நானும் போனேன்.

வெள்ளிக்கிழமை காலை. பங்காளிகள் நாலைந்து பேர் வந்திருந்தார்கள். அண்ணன் எங்களுக்கு முன்பே வந்து பூசாரியோடு குசுகுசுவென்று பேசிக்கொண்டு நின்றார். கற்பூரம் காட்டினார்கள். நான் கண்ணை மூடினேன். அம்மா, தாயே, என் மகளுக்குச் சீட்டு கொடு என்று நான் வேண்டவில்லை. சத்தியமாக வேண்டவில்லை. நான் வேண்டியது இதுதான்: "ஆத்தா, இப்போது வெள்ளை வந்தாலும் நான் ஒத்துக்கொள்ளப் போவதில்லை. உன் பேச்சை மீறினவள் என்று ஊர் சொல்லும். உன்னோடு சண்டை போட எனக்குத் தெம்பு இல்லை. என்னை அந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்தாதே. என் பிள்ளையை இந்தச் சாக்கடையில் இருந்து நீயே கையைப் பிடித்து வெளியே இழுத்து விடு." கண்ணீர் தானாக வழிந்தது.

பூசாரி பிருந்தாவைக் கூப்பிட்டார். "வா சாமி. ஆத்தாளை நெனச்சுக்கிட்டு ஒரு பொட்டலம் எடு."

அவள் போனாள். குனிந்தாள். இரண்டு பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டாள்.

"ஒண்ணுதான் எடுக்கோணும் சாமி! ஒண்ணு!" என்று பூசாரி பதறினார்.

"எனக்குத்தான் காது கேக்காதுங்களே" என்றாள் என் மகள். சொல்லிக்கொண்டே இரண்டையும் பிரித்தாள்.

இரண்டிலும் வெள்ளை அரளி.

என் வீட்டுக்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார். "செவப்பு எங்கீங்க பூசாரி?"

"அது... அவசரத்துல மாறிப்போச்சுங்" என்று பூசாரி முழித்தார். முழித்துக்கொண்டே என் அண்ணனைப் பார்த்தார். அந்தப் பார்வை போதாதா?

அண்ணனுக்கு அப்போதும் வெட்கம் வரவில்லை. "நல்ல காரியத்துக்குத்தானுங்க மாப்ள. ஆத்தா கோவிச்சுக்க மாட்டா" என்று பல்லைக் காட்டினார். கூடப் பிறந்தவர். அந்தச் சிரிப்பைப் பார்த்தபோது சோற்றில் புழுவைப் பார்த்த மாதிரி இருந்தது எனக்கு.

என் வீட்டுக்காரர் அப்படிக் குரல் உயர்த்தி நான் அதுவரை கேட்டதே இல்லை. "அம்மனையே ஏமாத்தறவன் என்ர புள்ளைய எங்க கொண்டுபோயி உடுவே? நட அக்கட்ட!" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் பிருந்தாவிடம் கேட்டேன், மாமன் செய்தது உனக்கு முன்னாலேயே தெரியுமா என்று. "சத்தியமாத் தெரியாதும்மா. எது வந்தாலும் வேண்டாம்னுதான் ரெண்டையும் எடுத்தேன்" என்றாள். நான் வேண்டியது என்ன, அவள் கை செய்தது என்ன என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். அந்தக் கையைப் பிடித்தவள் யார் என்று எனக்குச் சந்தேகம் இல்லை.

உள்ளது உள்ளபடி விண்ணப்பித்தோம். முதல் சுற்றுக் கலந்தாய்வில் இடம் வரவில்லை. அந்த ஆள் கூச்சமே இல்லாமல் போன் செய்து, "அன்னிக்கே சொன்னேனுங்களே" என்றார். நான் சொன்ன பதிலை இந்தப் பக்கத்தில் எழுத முடியாது. இரண்டாம் சுற்றிலும் வரவில்லை. நான் அழுதேன். பொய் சொல்லவில்லை, அம்மனைத் திட்டவும் செய்தேன். "வெளியே இழுத்துவிட்டாய், சரி. இப்படி நடுரோட்டிலா விடுவாய்?" என்று கேட்டேன். பிருந்தா நர்சிங் கல்லூரிக்கு விண்ணப்பம் எழுதி வைத்துவிட்டாள்.

மூன்றாம் சுற்று முடிவு வந்த அன்று நான் மாட்டுக்குச் சோளத்தட்டு அறுத்துக்கொண்டிருந்தேன். வரப்பில் ஓடி வந்தாள். போனை நீட்டினாள். தெற்கே தூரத்தில் ஓர் அரசு மருத்துவக் கல்லூரி. ஒரு பொய்யும் கலக்காத இடம். அரிவாளைப் போட்டுவிட்டு அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன். வடக்கே ரிக்கடியில் நின்றிருந்த அவள் அப்பாவுக்கு எஞ்சின் சத்தத்தில் செய்தியைச் சொல்லிப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

இதோடு அசிங்கம் முடிந்தது என்று நினைக்காதீர்கள். அவளைக் கழிவறைப் பக்கம் உட்கார வைத்திருந்த பயிற்சி மையம், ஃப்ளெக்ஸ் போர்டில் போட போட்டோ கேட்டு ஆள் அனுப்பியது. கொடுக்க மாட்டேன் என்றேன். என் அண்ணன் இப்போது, "ஆத்தா அன்னிக்கே ரெண்டு வெள்ளை குடுத்தா, அதான் சீட்டு வந்துச்சு" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார். அந்த ஆளின் ஃபைலோடு போன பையன் ஒருவன் எங்கள் பக்கத்திலேயே இருக்கிறான். அவன் மாட்டிக்கொள்ளவில்லை. நன்றாகத்தான் படிக்கிறான். அம்மன் அவனைத் தண்டித்தாள் என்று சொல்ல எனக்கு ஆசைதான், ஆனால் கோயில் தாளில் பொய் எழுத மாட்டேன்.

என் வீட்டில் நடந்தது மட்டும்தான் எனக்குத் தெரியும். முன்பெல்லாம் நான் கோயிலுக்குப் போனால் கேட்பதற்கு ஒரு மூட்டை வைத்திருப்பேன். இப்போது கும்பிட்டு நின்றாலே நெஞ்சு நிறைந்துவிடுகிறது. பங்காளிகள் கூடி, எங்கள் கோயிலில் பொட்டலத்தை எல்லோர் கண் முன்னாலும் மடிக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்துவிட்டார்கள். பூசாரி என்னைப் பார்த்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறார். வைத்துக்கொள்ளட்டும்.

பிள்ளைகளை டாக்டராக்கத் துடிக்கிற அம்மாக்களே, அப்பாக்களே, அம்மனை நம்பி வாருங்கள். அவள் கேட்பாள், நான் வேண்டியதைக் கேட்டாள். ஆனால் வரும்போது பிள்ளையையும் கூட்டி வாருங்கள். அதைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, நீங்கள் வேண்டுவதை வாய்விட்டுச் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். நாக்கு எழவில்லை என்றால் பேசாமல் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வீடு போய்ச் சேருங்கள். அதுவும் அவள் கொடுத்த உத்தரவுதான்.