முதலாளிக்கு மூச்சு முட்டியபோது

அந்த ஒர்க்‌ஷாப் மெக்கானிக்கிடம் ஒரு கெட்ட பழக்கம். யார் என்ன சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். இன்ஜின் சொன்னால் மட்டும் கேட்பார். பானெட்டைத் திறக்குமுன்பே காதைக் கொடுத்து, இன்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். பெரும்பாலும் சரியாகவும் இருந்து தொலைக்கும். அதில் வந்த தலைக்கனம்தான்.

அவருடைய நாற்காலியில் ஒரு சாம்பல் நிறப் பூனை படுத்திருக்கும். பெயர் முதலாளி. "ஓனர் யாருங்க?" என்று கேட்பவர்களுக்கு அதைத்தான் கைகாட்டுவார். மனுஷன் நின்றுகொண்டே டீ குடிப்பாரே தவிர, அதை எழுப்பமாட்டார். அவ்வளவு செல்லம்.

முதலாளி சாப்பாட்டை மோந்துவிட்டுத் திரும்பிக்கொண்டதை மனைவிதான் முதலில் பார்த்தாள்.

"என்னங்க, வயிறு எக்கி எக்கி மூச்சு விடுது. டாக்டர்கிட்ட காட்டிரலாம்."

அவர் குனிந்து அதன் விலாவில் காதை வைத்தார். குர்ர்ரென்று சீரான சத்தம். "அட போடி, ஓட்டம் ஜம்முனு இருக்கு. சீக்குப் பூனை இப்படிக் கொஞ்சுமா?"

அவள் மறுநாளும் சொன்னாள். "உனக்கு எதுக்கெடுத்தாலும் பயம்" என்று சிரித்தார். பாவி மனுஷன், அப்போதாவது கேட்டிருக்கலாம்!

அந்த வாரம் முடியுமுன் அது கழுத்தை நீட்டி, வாயைப் பிளந்து மூச்சுக்குத் தவித்தது. நாக்கு நீலம் பாரித்துவிட்டது. ரிப்பேருக்கு வந்த காரிலேயே அள்ளிக்கொண்டு ஓடினார்கள். டாக்டரம்மா முதல் வேலையாக அதை ஆக்சிஜன் பெட்டிக்குள் வைத்தார், பிறகுதான் ஊசி.

"இதயத் தசை தடிச்சுப்போய் நுரையீரல்ல தண்ணி கோத்திருக்கு. கொஞ்சம் முன்னாடியே வந்திருந்தா மாத்திரையில இன்னும் நாள் ஓட்டியிருக்கலாம்."

"நல்லாத்தானே குர்குர்னுச்சு, டாக்டர்?"

"சந்தோஷத்துல மட்டும் இல்லைங்க. வலியிலயும் பயத்துலயும்கூட பூனை அப்படித்தான் சத்தம் போடும்."

முதலாளி அந்தப் பெட்டிக்குள்ளேயே போய்ச் சேர்ந்தது.

மெக்கானிக், மனைவி வாய்க்கு வந்தபடி திட்டுவாள் என்று தலையைக் குனிந்து நின்றார். திட்டியிருந்தாலும் தேவலை. அவள் பூனையைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு காரில் உட்கார்ந்தாள்.

"நீ சொன்னப்பவே..." என்று ஆரம்பித்தார்.

"உங்ககிட்ட கேட்டுட்டு நிக்காம நானே தூக்கிட்டு வந்திருக்கணும்" என்றாள் அவள். "உங்களுக்குத் தெரியாததா என்னன்னு நம்பிட்டேன்."