கயிறு போட்டுக் கட்டிய கதவு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில், ஒரு மாசி மாதம். பேச்சிப்பாறை அணைக்கு மேலே காணிக்காரர்கள் குடியிருந்த ஒரு மலையூரில், மூன்று மாதம் சம்பளமில்லாமல் பாடம் சொல்லிக்கொடுக்க ஒப்புக்கொண்டு போயிருந்தேன். சேவை செய்யப் போகிறேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. நாகர்கோவிலில் ஒரு வாத்தியார் வேலைக்கு எழுதிப் போட்டிருந்தேன். பதில் வரும்வரை அப்பா முகத்தைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்க முடியவில்லை.

எனக்கு இடம் கொடுத்தது பிள்ளைகள் இல்லாத ஒரு தம்பதி. இருந்த ஒரே அறையை எனக்கு விட்டுவிட்டு அவர்கள் அடுப்படியில் படுத்தார்கள். அவித்த மரச்சீனிக் கிழங்கு முதலில் என் இலையில்தான் விழும். அதெல்லாம் அப்போது எனக்கு உறைக்கவில்லை. ஓரிடத்தில் உட்கார முடியாமல் தவித்தேன். வாரம் ஒருமுறை அணைத் தண்ணீரில் வரும் வள்ளத்தில் தபால் இல்லையென்றால், அன்று யாரைப் பார்த்தாலும் எரிச்சல்.

பள்ளிக்கூடம் என்பது மூங்கில் தட்டி அடைத்த கொட்டகை. பதினோரு பிள்ளைகள். பாடத்தின் நடுவில் திடீரென்று ஒன்று எழுந்து வெளியே ஓடும், பின்னாலேயே மற்றவையும். கேட்டால் காட்டில் சத்தம் கேட்டது என்பார்கள். என் காதில் எதுவும் விழாது. பாடத்துக்குப் பயந்து சொல்லும் சாக்கு என்று நினைத்தேன். அந்த வாரமும் தபால் வரவில்லை. மறுநாள் காலை பிள்ளைகள் உள்ளே வந்ததும், கதவுத் தட்டியை இழுத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டினேன்.

வாய்ப்பாடு பாதியில் ஒரு சிறுமி எழுந்தாள்.

"சாரே, ஆனை வாடை வருது."

"உக்காருட்டி அங்க" என்று அதட்டினேன்.

உட்கார்ந்துவிட்டாள்.  மற்றவர்கள் வாய்ப்பாட்டை நிறுத்திவிட்டார்கள். நான் மட்டும் உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன், கொட்டகைக்குப் பின்னால் மூங்கில் முறியும் சத்தம் கேட்கும்வரை.

கதவுக்கு ஓடினேன். நான் போட்ட முடிச்சு என் கைக்கே அவிழவில்லை. பிள்ளைகள் அழக்கூட இல்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அப்போது வெளியிலிருந்து ஒரு வெட்டுக்கத்தி கயிற்றில் விழுந்தது. எனக்கு இடம் கொடுத்த வீட்டுக்கார அக்கா. பிள்ளைகளை வெளியே தள்ளி, பெரிய மரத்தின்மேல் கட்டியிருந்த ஏறுமாடத்துக்கு ஓட்டினார். கடைசியாக என்னையும் ஏணியில் ஏற்றிவிட்டுத் தானும் ஏறினார்.

மேலிருந்து பார்த்தோம். மூன்று யானைகள். ஒன்று கொட்டகையைத் தோளால் உரசியதுதான் தெரியும். நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்தில் கூரை படுத்துவிட்டது.

அக்கா பிள்ளைகளை இரண்டு முறை எண்ணினார். பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"ஆனை எறங்கியும் பிள்ளைக ஒண்ணும் ஓடி வரல்ல. அதான் வந்தேன்."

அன்று மாலை ஊராரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அடித்து விரட்டுவார்கள் என்று துணிமணிகளைக் கட்டிவைத்திருந்தேன்.  அக்காவின் கணவர், புதுக் கொட்டகைக்குக் கதவு வேண்டாம் என்று மட்டும் சொன்னார். எல்லோரும் மூங்கில் வெட்டப் போய்விட்டார்கள்.

பத்து நாளில் வேலைக் கடிதம் வந்தது. அவகாசம் கேட்டு எழுதி, மூன்று மாதத்தையும் முடித்தே இறங்கினேன்.

கொட்டகை விழுந்த மறுநாள் காலையிலும் அந்தப் பதினோரு பிள்ளைகளையும் பெற்றவர்கள் என்னிடம்தான் அனுப்பினார்கள். அந்த நம்பிக்கைக்கு அன்று நான் என்ன தகுதி பெற்றிருந்தேன் என்ற கேள்வி, இத்தனை வருடம் வாத்தியாராக இருந்த பிறகும் என்னை நிம்மதியாக உட்கார விடுவதில்லை.