மண்ணில் போட்ட கோடு

வானம் இருட்டினால் லயத்து ஜனங்கள் வீட்டுக்குள் ஓடுவார்கள். மருதம்மாள் வெளியே ஓடுவாள். தலையில் கோணிச்சாக்கு, கையில் மண்வெட்டி, மடி நிறைய ரப்பர் கொட்டை. மண்ணில் தண்ணீர் ஓட ஆரம்பித்ததும் ஒரு கொட்டையை எடுத்து அதில் போடுவாள். அது போகிற வழியெல்லாம் குனிந்தபடியே பின்னால் போவாள். "எங்கடா போற? சொல்லிட்டுப் போடா!" என்று கொட்டையோடு பேச்சு வேறு. அது எங்கே சுற்றி நிற்கிறதோ அங்கே ஒரு குச்சியை நட்டுவிட்டு அடுத்த கொட்டையை எடுப்பாள்.

"அக்காவுக்கு மழப்பேய் புடிச்சிருக்கு" என்பாள் பக்கத்து அறைப் புஷ்பவள்ளி.

"பேய் புடிச்சா பூசாரி ஓட்டிருவாரு. தண்ணி புடிச்சா யாருடி ஓட்டுவா? நீ வந்து ஓட்டுறியா?"

மலாயாவில், ஜித்ராவுக்குக் கிழக்கே எங்கள் ரப்பர் தோட்டம். ஜப்பான்காரன் வந்ததும் வெள்ளைக்காரத் துரை ஓடினான், பால் வெட்டு நின்றது, அரிசியும் போயிற்று. கண்ட இடமெல்லாம் மரவள்ளி நடு என்று உத்தரவு. நட்டோம். வாசலில் நட்டோம், கொல்லையில் நட்டோம், துரை காலத்து வடிகால் கான்களைத் தூர்த்து அதன்மேலும் நட்டோம். வயிறு கத்தும்போது கானாவது கத்திரிக்காயாவது! லயமோ சரிவில் வரிசையாக இறங்குகிற அறைகள். என் அறை மேலே, நடுவில் புஷ்பவள்ளி, கீழே மருதம்மாள். மேட்டுத் தண்ணீர் எங்கள் பாத்திகளில் தேங்கி, நிரம்பி, உடைத்துக்கொண்டு போய் அவள் வீட்டுப் பலகைச் சுவரில்தான் மோதும்.

அவளுக்கும் கீழே முன்பு ஓர் அறை இருந்தது. அழகேசன் இருந்தான். போன அடைமழையில் தூண் ஊறி, அறை சரிந்து விழுந்தது. எடுத்துக் கட்ட யார் இருக்கிறார்கள்? பழைய பால் கொட்டகையில் போய் ஒண்டிக்கொண்டான். வீடும் பாத்தியும் இல்லாதவன் வேலையற்றவன் என்பது ஜப்பான்காரன் கணக்கு. சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடிக்க லோரி வந்தபோது கொட்டகையில் இருந்தவர்களைத்தான் முதலில் ஏற்றினார்கள். அழகேசன் திரும்பி வரவில்லை.

இப்போது கடைசி அறை மருதம்மாளுடையது. அவள் புருஷன் ராமையா வாயில்லாப் பூச்சி. காலையில் எழுந்ததும் மூலைத் தூணின் அடியைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். விரல் உள்ளே இறங்கினால் அன்றைக்குக் கஞ்சி இறங்காது.

மருதம்மாள் பால் வெட்டியவள். வெட்டு நின்று எத்தனையோ நாளாகியும் அவள் உளியில் துரு ஏறியதில்லை. சாயங்காலமானால் கல்லில் தீட்டுவாள். இடுப்பில் ஒரு மங்கு எப்போதும் தொங்கும். மரத்தடியில் பால் பிடித்த மங்குக் கிண்ணம்தான். இப்போது கஞ்சி குடிக்க. "கை சும்மா இருந்தா நடுங்குதுண்ணே" என்பாள் என்னிடம்.

ஒரு நாள் கேட்டாள். என் பாத்தியில் தொடங்கி, புஷ்பவள்ளி பாத்தி வழியாகச் சாய்வாக ஒரு கான் வெட்டித் தண்ணீரைப் பக்கத்துச் சதுப்பில் விட வேண்டுமாம்.

"ஒரு செடி போனா ஒரு வேளச் சாப்பாடு போச்சு. வேற எடம் பாரு மருதம்மா" என்றேன். புஷ்பவள்ளி இன்னும் காரமாகச் சொன்னாள்.

மருதம்மாள் சண்டை போடவில்லை. எங்களை லயத்து முன்னால் நிற்கிற ரப்பர் மரத்துக்குக் கூப்பிட்டாள். பட்டையில் உளியை வைத்து மட்டமாக ஒரு கோடு போட்டாள். பால் கசிந்து, கோட்டிலேயே நின்று, ததும்பி, மரத்தின் உடம்பெல்லாம் வழிந்தது. மறுபக்கம் போய்ச் சாய்வாக ஒரு கோடு, அதன் அடியில் மங்கு. பால் விறுவிறு என்று ஓடி மங்கில் சொட்டியது.

"மட்டமா இருக்கே, அது நீங்க வெட்டுன பாத்தி. சாஞ்சிருக்கே, அது நான் கேக்குற கான். உளி புடிச்ச கையாண்ணே உங்க கை? மரத்துல ஒரு நாளாச்சும் மட்டமா கோடு போட்டிருப்பீங்களா? மண்ணுன்னதும் மறந்து போச்சா?"

புஷ்பவள்ளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அட ஆமாக்கா! மாடு மாதிரி மட்டமா வெட்டி வச்சிருக்கோம்லா!" என்று அங்கேயே சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள். நான் மட்டும் "பார்க்கலாம்" என்று சொல்லி வைத்தேன்.

சதுப்பிலிருந்து மேல்நோக்கி வெட்டினார்கள். மேலிருந்து தொடங்கினால் தண்ணீர் வெட்டுகிறவளையே துரத்தும் என்பாள் மருதம்மாள். மழையில் கொட்டை விட்டு ஊன்றிய குச்சிகளை விட்டு ஒரு சாண் விலகவில்லை. புஷ்பவள்ளி பாத்தியைத் தாண்டி என் பாத்தி ஓரத்துக்கு வந்தபோது பிடித்தது பாருங்கள் மழை! அப்படி ஒரு மழை! சதுப்புக்கு அப்பால் இருந்த மரங்கள் தெரியவில்லை. என் பாத்தி குளமாகி, கீழ்க்கரை வீங்கிக்கொண்டு நின்றது. கீழே ராமையா தன் வீட்டுச் சுவருக்குத் தோளைக் கொடுத்து நிற்கிறார்.

"அண்ணே, உங்க கொளம் ஒடையப் போவுது! வெட்டவா வேணாமா? வாயத் தொறந்து சொல்லித் தொலைங்க!"

என் மரவள்ளியைப் பார்த்தேன். ராமையாவின் தோளைப் பார்த்தேன். "வெட்டு, வெட்டு!" என்று கத்தினேன்.

ஓங்கி வெட்டுவாள் என்று நினைத்தேன். இல்லை. பட்டை சீவுகிற மாதிரி, மெல்லிசாக, சீவல் சீவலாக மண்ணை எடுத்தாள். "ஆழமா போனா மரத்துக்குக் காயம்ணே. மண்ணுக்கும் அதேதான்." அந்த மழையிலும் கிழங்குக்குக் கிழங்கு வளைந்து போனாள். செடி இரண்டுதான் சாய்ந்தது. கடைசிச் சீவலில் தண்ணீர் முதலில் நாக்கை நீட்டியது. பிறகு ஒரே பாய்ச்சல்!

என் கையில் ஒரு ரப்பர் கொட்டையைத் திணித்தாள். "நீங்களே போடுங்க!"

போட்டேன். அது ஓடிய ஓட்டத்தைப் பார்க்க வேண்டுமே! நரை விழுந்த நான் அதன் பின்னால் ஓடுகிறேன். புஷ்பவள்ளி ஓடுகிறாள். சுவரை விட்டுவிட்டு ராமையாவும் ஓடி வருகிறார். "நிக்காதடா! நிக்காத!" என்று ஆளுக்கு ஒரு கூச்சல். கொட்டை வளைவில் சுழன்றது, மூழ்கியது, எழுந்தது, சதுப்பில் போய்க் குதித்தது. வாயில்லாப் பூச்சி ராமையா அன்றைக்கு விசில் அடித்தார்.

அந்த மழைக்காலம் முடியும் முன்பே லோரி மறுபடியும் வந்தது. கொட்டகையில் இருந்தவர்களை ஏற்றினார்கள். பிறகு தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியும் ஒரு சிப்பாயும் லயத்தில் இறங்கி வந்தார்கள். "கடைசி வீடு விழுற வீடுதானே?" என்றார் கிராணி. ராமையாவின் முகத்தில் ரத்தமில்லை. சிப்பாய் மூலைத் தூணைப் பூட்ஸ் காலால் உதைத்தான். தூண் அசையவில்லை. உள்ளே போய்த் தரையை ஓங்கி மிதித்தான். புழுதி கிளம்பியது.

"விழுற வீட்டுல, இந்த மழையில, புழுதி பறக்குமாங்கையா?" என்றாள் மருதம்மாள்.

சிப்பாய் காலைத் தட்டிக்கொண்டு வெளியே வந்தான். கிராணி பின்னாலேயே போனார்.

ஜித்ரா சாலையில் லோரிச் சத்தம் தேய்ந்து மறைந்தது. வானம் மறுபடி இருட்டிக்கொண்டு வந்தது. தூறல் விழுந்ததும் எல்லாரும் உள்ளே போனோம். மருதம்மாள் மட்டும் கான் முடிகிற இடத்துக்கு இறங்கிப் போனாள். இடுப்பிலிருந்த மங்கை எடுத்து, உள்பக்கத்தைக் கட்டைவிரலால் ஒரு சுற்றுத் துடைத்து, தண்ணீர் விழுகிற இடத்தில், பாலுக்கு மரத்தடியில் வைப்பதுபோல் நேராக வைத்தாள்.