அரக்கனின் கழுத்தில் இருந்த மோட்டார்

அந்த மோட்டார் இத்தனை வருடமும் என் அலமாரியில்தான் இருந்தது. லாரிக் கண்ணாடியைத் துடைக்கும் வைப்பரின் மோட்டார். எழுபதுகளின் கடைசியில், உத்திரமேரூரில் அறிவியல் ஆசிரியராக இருந்தபோது, பழைய இரும்புக் கடையில் வாங்கியது.

எங்கள் ஊர் மயானக் கொள்ளைத் திருவிழாவில் அங்காளம்மன் வேஷம் கட்டியவர் என் பெரியப்பா மகன். காப்புக் கட்டிய நாள் முதல் மாமிசம் தொடமாட்டார். வீட்டுக்கும் போகாமல் கோயிலிலேயே படுத்திருப்பார். மாசி வெயிலில், சுடுகாட்டில், மண்ணால் செய்த அரக்கன் மல்லாந்து கிடப்பான். அண்ணன் ஆடிவந்து அவன் மார்பில் ஏறி மிதித்தால்தான் ஊர் மூச்சு விடும்.

அந்த வருடம் அரக்கனின் தலையைக் காகிதக் கூழில் நான் செய்தேன். இமை, பல், உதட்டு வெடிப்பு எல்லாம் மனிதனுக்கு இருப்பதுபோலவே வந்துவிட்டது. கழுத்துக்குள் மோட்டாரைப் பொருத்தி, கம்பியையும் டிராக்டர் பேட்டரியையும் மண்ணில் புதைத்து, பொத்தானை என்னிடம் வைத்துக்கொண்டேன். அண்ணன் மிதித்ததும் தலை சாய வேண்டும், ஊரே வாய்பிளக்க வேண்டும் என்று ஆசை. யாரிடமும் சொல்லவில்லை. பரபரப்பில் முன்னதாகவே அழுத்திவிட்டேன். பம்பைச் சத்தத்தில் மோட்டார் ஓடியது யாருக்கும் கேட்கவில்லை. தலை மெல்லத் திரும்பி அண்ணனைப் பார்த்தது. தூக்கிய கால் அந்தரத்தில் நின்றது. பின்வாங்கி, அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டார்.

"அரக்கனே மொறைக்கிறான்னா, இவன் இன்னாத்தயோ துன்னுட்டு வந்துகீறான்" என்றார் ஒருவர்.

"விரதமாம் விரதம்! கருவாட்டுக் கடையாண்ட நின்னுகினு இருந்தத நானே பாத்தேன்" என்றாள் ஒருத்தி. சிரித்தார்கள்.

பொத்தான் என் வேட்டி மடிப்பில் இருந்தது. ஒரு வார்த்தை போதும். சாமி காரியத்தில் விளையாடினேன் என்று அடிப்பார்கள், வாத்தியார் மரியாதை போய்விடும் என்று பயந்து வாயை மூடிக்கொண்டேன். கூட்டம் கலைந்தபின் மோட்டாரைப் பிடுங்கிக்கொண்டு வந்தேன்.

மறு வருடம் வேஷம் வேறொருவருக்குப் போயிற்று. மாசி பிறந்தால் அண்ணன் செங்கல்பட்டுக்குப் பஸ் ஏறிவிடுவார். ஒருமுறை ஏரிக்கரையில் என்னை நிறுத்திக் கேட்டார்: "நான் சுத்தமாத்தான்டா இருந்தேன். அப்பறம் ஏன்டா அது என்னைப் பாத்துச்சி? நீ பட்ச்சவன், சொல்லு."

"தெரியல அண்ணா" என்றேன். அவர் இறந்து பல வருடங்களாகின்றன.

இன்று பேத்தியுடன் சென்னையில் ஒரு மருத்துவமனைக்குப் போயிருந்தேன். வாசலில் புடவை கட்டிய இயந்திரப் பெண் ஒன்று, தலையைத் திருப்பி என்னைப் பார்த்து வணக்கம் சொன்னது. உள்ளே இருப்பது மோட்டார் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? ஆனாலும் இரண்டடி பின்வாங்கினேன்.

"மனுஷ முகம்னு மூளை நம்பிடும் தாத்தா. ஏதோ சரியில்லன்னு பட்டதும் மிரண்டுடும். எல்லாருக்கும் அப்படித்தான்" என்றாள் பேத்தி.

எல்லோருக்கும். விரதம் இருந்தவருக்கும், இல்லாதவருக்கும்.

வீடு திரும்பியதும் மோட்டாருக்குப் பேட்டரி கொடுத்துப் பார்த்தேன். துருவோடு சுற்றியது. துணியில் சுற்றிப் பைக்குள் வைத்திருக்கிறேன். நாளைக் காலை அண்ணன் மகன் வீட்டுக்குப் போக வேண்டும். உன் அப்பா சுத்தமாகத்தான் இருந்தார் என்று சொல்ல வேண்டும்.