மெல்லக் கதைக்கிறவனுக்கு ஒரு மைக்

எனக்கு இரண்டு தொண்டை. ஒன்று ஆலைக்கு, மற்றது வீட்டுக்கு.

சம்மாந்துறைப் பக்கம் ஒரு நெல் ஆலையில் எனக்குத் தராசடியில் மூட்டை நிறுக்கிற வேலை. மெஷின் ஓடத் தொடங்கினால் தோளோடு தோள் நிற்கிறவனுக்கும் கத்தித்தான் சொல்ல வேண்டும். பின்னேரம் சாய்ந்தமருதுக்குத் திரும்பி வரும்போதும் காதுக்குள் அந்த மெஷின் நிற்காமல் ஓடும். வாசலில் செருப்பைக் கழற்றுகிற கையோடு அந்தத் தொண்டையையும் கழற்றி வைத்துவிடுவேன். ஏனென்றால் அது என் வீடு இல்லை, பெண்சாதியின் வீடு. எங்கள் ஊர்களில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போக வேண்டும். நான் வந்து பதினாறு வருசம்.

மாமி, என் பெண்சாதியின் உம்மா, எங்களோடுதான் இருக்கிறா. இந்தப் பதினாறு வருசத்தில் அவ என்னிடம் நேரே ஒரு வார்த்தை கதைத்தது கிடையாது. சோறு ஆறினாலும் மகளிடம்தான் சொல்லுவா, "மருமகனச் சாப்பிடச் சொல்லு புள்ள" என்று. நான் பக்கத்தில்தான் நிற்பேன். கோபமெல்லாம் இல்லை, மரியாதை. நானும் அவவின் காது எட்டுகிற இடத்தில் சத்தமாகக் கதைத்ததில்லை. யாரும் இதை எனக்குச் சட்டம் போட்டுச் சொல்லவில்லை. முதல் மாதம் வெட்கத்தில் மெல்லக் கதைத்தேன். பிறகு அதுவே பழகிப்போய், விட நினைத்தாலும் விட முடியாமல் போய்விட்டது.

இந்த லட்சணத்தில் இருக்கிறவன் கம்ப்யூட்டர் கேம் விளையாடத் தொடங்கினால் என்ன நடக்கும்?

கம்ப்யூட்டர் என்னுடையது இல்லை, தம்பியுடையது. அவன் கட்டாருக்குப் போகும்போது மருதமுனையில் எங்கள் உம்மாவின் வீட்டில் வைத்துவிட்டுப் போனான். உம்மா மவுத்தாகி, அடக்கமெல்லாம் முடிந்த பிறகு அந்த வீடு தங்கச்சிக்கு என்று ஆனது. கம்ப்யூட்டரை நான் இங்கே தூக்கி வந்தேன். "சும்மா கிடந்து பழுதாப் போகும் காக்கா, வெள்ளிக்கிழம நாம ரெண்டு பேரும் விளையாடுவம்" என்றான். எங்கள் பக்கத்தில் அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவோம். நாற்பத்து மூன்று வயதில் எனக்குத் துவக்கால் சுடுகிற சண்டை கேம். உலகம் சிரிக்கும். ஆனால் அவனோடு கதைக்க எனக்கு வேறு வழி இருக்கவில்லை. போனில் எடுத்தால் "சுகமா?", "சுகம்", "சரி காக்கா, வைக்கிறன்." விளையாடும்போது ஒன்றரை மணித்தியாலம் கூட இருப்பான். வெள்ளிக்கிழமை ஆலை பூட்டு, அவனுக்கும் லீவு. நான் பின்னேரம் அசர் தொழுதுவிட்டு வந்து இருப்பேன். அவனுக்கு அப்போது பகல் சாப்பாடு முடிகிற நேரம்.

முதலில் போனோடு வந்த காது வயரைத்தான் மாட்டினேன். அதன் மைக் வயரில் தொங்கும். ஒவ்வொரு தரமும் என் தாடியில் உரசும். தம்பி சொன்னான்: "காக்கா, அங்க யாரும் தென்ன மட்டை இழுக்கிறாங்களா?" பிறகு கல்முனையில் ஒரு கடையில் கண்ணைப் பறிக்கிற மாதிரி ஒன்றைக் கண்டு வாங்கினேன். சிவப்பும் நீலமுமாக லைட் எரியும். மாட்டினால் இரண்டு கையாலும் தலையைப் பிடித்து நெருக்குகிற மாதிரி இருக்கும். கண்ணாடிக் காம்பை அது காதுக்கு மேலே அமத்தும். ரெக்சின் மெத்தைக்குள் காது வெந்துவிடும். எங்கள் ஊர் வெக்கையில் அப்படியான சாமானை யார்தான் கண்டுபிடித்தார்களோ! ஆலையில் பகல் முழுக்கக் காது அடிபட்டு, வெள்ளிக்கிழமை ஒரு நாள் ஓய்வு என்று இருந்தால், அதிலும் காதுக்கு வேதனை.

வெக்கைக்கு ஃபேனைப் போட்டால் தம்பி கத்துவான், "ஹெலிகொப்டரா காக்கா ஓடுது?" என்று. ஃபேனை நிப்பாட்டினால் எனக்கு மயக்கம் வரும். அதனால் கதைக்கிற புரோகிராமுக்குள் தேடி, வெளிச் சத்தத்தை வெட்டுகிற சுவிட்ச் ஒன்றைக் கண்டுபிடித்தேன். அதைக் கடைசி வரைக்கும் தள்ளிவிட்டேன். "இப்ப சோக்கா இரிக்கி, ஃபேனே கேக்கல்ல" என்றான். எனக்குப் பெரிய பெருமை. ஏதோ இஞ்சினியர் மாதிரி.

அந்த வெள்ளிக்கிழமைதான் அவன் கேட்டான். உம்மா மவுத்தாகி அப்போது ஐந்து மாதம். அது வரைக்கும் இரண்டு பேரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஜனாஸாவுக்கு அவனால் வர முடியவில்லை. காலையில் மவுத், அசரோடு அடக்கம். விமானத்தில் பறந்தாலும் வந்து சேர முடியாது. எங்கள் வழக்கம் அப்படி, மையித்தை வைத்துக் காத்திருக்க மாட்டோம். யாரோ போனில் பிடித்து அனுப்பியதைத்தான் பார்த்தான். ஒரு சுற்று முடிந்து மறு சுற்று தொடங்க முன்னம் மெல்லக் கேட்டான்:

"காக்கா, உம்மா கடைசியில என்னக் கேட்டாவா, என்ட பேரச் சொன்னாவா?"

அந்தக் கேள்விக்கு நான் ஐந்து மாதமாகப் பயந்துகொண்டிருந்தேன். பின்னால் குசினியில் மாமி சமைத்துக்கொண்டு நிற்கிறா. இடையில் இருக்கிறது கூரை முட்டாத சுவர். நான் மைக்கை உதட்டோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, மூச்சால் கதைக்கிற மாதிரி, எல்லாவற்றையும் சொன்னேன். பத்து நிமிசம் இருக்கும். கண் கலங்கித் திரையும் தெரியவில்லை. அவன் இடையில் ஒரு சொல்லும் சொல்லவில்லை. "அவ்வளவுதான்டா தம்பி" என்று முடித்தேன். பிறகு சொன்னான்: "சரி காக்கா. விடுங்க."

விடுங்க!

அதற்குப் பிறகு மூன்று மாதம் அவன் வெள்ளிக்கிழமை தவறாமல் வந்தான். ஆனால் கதை இல்லை. "வலது." "மேல பாருங்க." "செத்துட்டன்." இதுதான். நான் சொன்ன விசயத்துக்காக என்னோடு கோபம் என்று முடிவு கட்டினேன். கோபப்படவும் அதில் இடம் இருந்தது. கேட்டு மன்னிப்புக் கேட்கவும் எனக்குத் தெம்பில்லை. மூட்டை நிறுத்து நிறுத்து வருகிற மனிசனுக்கு வாயைத் திறக்கவே அலுப்பு. தலையிடி வேறு. சரி, ஒரு நல்ல ஹெட்செட்டாவது வாங்குவோம், தலையிடி இல்லாமல் இருந்தால் நானாவது இரண்டு கதை கூடக் கதைப்பேன் என்று நினைத்தேன். தம்பியின் கோபத்துக்குக் கடையில் மருந்து தேடின மடையன் நான்.

இந்த முறை லைட் எரிகிற பக்கமே போகவில்லை. கல்முனையில் வேறு கடை. கடைக்காரன் பொறுமைசாலி. ஒவ்வொன்றாக மாட்டிக் கால் மணித்தியாலம் இருக்க விட்டான். "ஒரு நிமிசம் போட்டா எல்லாம் சுகமாத்தான் இரிக்கும், கண்ணாடியோட போட்டுக்கிட்டு இரிங்க, எந்த இடத்தில நோகுதெண்டு மறுகாதான் தெரியும்" என்றான். அவன் சொன்னது மெய்தான். பாரம் குறைந்த ஒன்று, துணி மெத்தை, காது முழுக்க உள்ளே போகிற அளவு அகலம், தலைக்கு மேலே பட்டி. மாட்டினதே மறந்து போனது. மைக்கைத் தனியாக எடுக்கச் சொன்னான், மேசையில் காலோடு நிற்கிறது. வாய்க்குக் கிட்ட இழுத்து வைக்கலாம், தாடியிலும் உரசாது.

"கதச்சிப் பாருங்க காக்கா, பதிஞ்சி போட்டுக் காட்டுறன்."

நான் வீட்டில் கதைக்கிற மாதிரிக் கதைத்தேன். அவனுக்குச் சிரிப்பு. "என்ன இது, பள்ளிவாசலுக்குள்ள கதைக்கிற மாதிரி?"

"வீட்டில இப்படித்தான் கதைப்பன். மாமி இரிக்கா."

"அட, நம்மட கேஸ்" என்று இன்னும் சிரித்தான். அவனும் ஒரு வீட்டு மாப்பிள்ளைதானே. நான் சத்தம் வெட்டுகிற சுவிட்சைப் பற்றிச் சொன்னேன், அது போட்டால் நல்ல சுத்தமாகக் கேட்கும் என்று, பெரிய ஆள் மாதிரி. அவன் கடை ஃபேனுக்குக் கீழே மைக்கை வைத்து, அந்தச் சுவிட்சைப் போட்டு, திரும்பக் கதைக்கச் சொன்னான். கதைத்தேன். போட்டுக் காட்டினான்.

ஒன்றும் இல்லை. ஃபேனும் இல்லை, நானும் இல்லை.

"நீங்க கதைக்கிற கதைக்கும் ஃபேன் காத்துக்கும் இதுக்கு வித்தியாசம் தெரியாது காக்கா. வாயத் திறந்து குரலாக் கதச்சாத்தான் உடும். காத்தாக் கதச்சா ரெண்டையும் சேத்து வெட்டிப் போடும்."

நானும் சிரித்தேன். சாமானைக் கட்டி வாங்கிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் ஏறினேன். கல்முனைக்குடி தாண்டும்போதுதான் எனக்கு உறைத்தது. ஓரமாக நிப்பாட்டிவிட்டு நின்றேன். விளையாட்டு உசாரில் என்னை அறியாமல் குரல் வந்துவிடும், "பின்னால!" என்று. அது அவனுக்குக் கேட்டிருக்கும். மற்றது? அந்தப் பத்து நிமிசம்? அல்லாஹ்வே.

வெள்ளிக்கிழமை வரைக்கும் எனக்குச் சோறு இறங்கவில்லை. சுவிட்சை நிப்பாட்டினேன், ஃபேனையும் நிப்பாட்டினேன். தம்பி வந்தான்.

"காக்கா, உங்கட மூச்சுக்கூடக் கேக்குது. புதுசா?"

"ஓம். டேய் தம்பி, அண்டைக்கி உம்மாவப் பத்திக் கேட்டாய். நான் என்ன சொன்னன்?"

"நீங்க ஒண்டும் சொல்லல்லியே காக்கா. சும்மா இருந்தீங்க. கனநேரம் பாத்துக்கிட்டு இருந்தன். உம்மா என்னக் கேக்கல்ல போல, அதச் சொல்ல உங்களுக்கு வாய் வரல்ல எண்டு நினைச்சன். அதுதான் விடுங்க எண்டு சொன்னன்."

மூன்று மாதம். தாயின் வாயில் தன் பேர் வரவில்லை என்று நினைத்துக்கொண்டு அந்தப் பிள்ளை மூன்று மாதம் அந்த நாட்டில் இருந்திருக்கிறான். நான் இங்கே அவன் கோபமாம் என்று முகத்தைத் தூக்கிக்கொண்டு இருந்திருக்கிறேன். எனக்கு என்னையே அறைய வேண்டும் போல இருந்தது.

சொல்லத் தொடங்கினேன். திரும்பவும் அந்தக் காத்துக் குரல்தான் வந்தது. இந்த மைக் அதையும் பிடிக்கும், தெரியும். ஆனால் எனக்கே அது போதவில்லை. இரண்டு சொல்லோடு நின்றுவிட்டேன். அப்போது சுவருக்குப் பின்னால் இருந்து மாமியின் குரல்:

"மருமகன், சத்தமாச் சொல்லுங்க."

பதினாறு வருசத்தில் முதல் தரம். நான் திரும்பிப் பார்த்தேன். அவ வரவில்லை, சுவருக்கு அந்தப் பக்கம்தான் நின்றா.

"அண்டைக்கி நீங்க சொன்னது எனக்கு இஞ்ச நல்லாக் கேட்டுது. அழுதுட்டன். அந்தப் புள்ளைக்குக் கேக்கல்லியா? சத்தமாச் சொல்லுங்க மகன், நான் பின்னுக்குப் போறன்." குசினிக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

யாருக்குக் கேட்கக் கூடாதென்று மெல்லக் கதைத்தேனோ அவவுக்கு எல்லாம் கேட்டிருக்கிறது. ஹெட்செட்டை ஒரு காதில் நகர்த்திவிட்டு, ஆலைத் தொண்டை இல்லை, வீட்டுத் தொண்டையும் இல்லை, கலியாணத்துக்கு முன்னம் உம்மாவின் வீட்டில் கதைத்த தொண்டையில் சொன்னேன்.

"தம்பி, உம்மா உன்னத்தான் கேட்டா. என்னக் கேக்கல்ல. மவுத்தான அண்டைக்கி விடிய நான் ஆஸ்பத்திரிக்குள்ள போய் 'உம்மா' எண்டன். கண் திறக்கல்ல. 'சின்னவன் வந்திட்டானா' எண்டு கேட்டா. நம்ம ரெண்டு பேர்ட குரலும் ஒண்டுதானே. நான் பொய் சொல்லிட்டன்டா. 'ஓம் உம்மா, வந்திட்டன்' எண்டு சொன்னன். உன்ர இடத்தில இருந்து நான் கைய நீட்டினன். அவ புடிச்சிக்கிட்டா. அதுக்குத்தான் நீ கோவம் எண்டு நினைச்சன்."

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் வந்தது. இந்த ஹெட்செட்டில் எல்லாம் தெளிவாகக் கேட்கிறது, அதுதான் அதன் குறை.

"மறுகா என்ன சொன்னா காக்கா?"

"'சாப்பிட்டயா மகன்' எண்டு கேட்டா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சாப்பிட்டன் உம்மா எண்டன்."

திரையில் எங்கள் இரண்டு ஆட்களும் துவக்கோடு சும்மா நின்றார்கள். யாரோ வந்து இரண்டு பேரையும் சுட்டுவிட்டுப் போனான். அதற்குப் பிறகுதான் அவன் குரல் வந்தது.

"நான் அண்டைக்கி ஒண்டும் சாப்பிடல்ல காக்கா."