பாட்டை விட வேகமாக வந்த பெட்டிகள்

“உன்ர பாட்டில பெட்டி தூக்கிறது ஆர் தம்பி?”

தொழிற்சாலையில் பக்கத்தில் நின்று பெட்டி இறக்கும் தவமணி அன்ரி இப்படிக் கேட்டபோது ஜதுர்சன் தன் பாட்டுக் கொப்பியைத் திறந்து பார்த்தான். “என்ர முதுகு” என்று எழுதியிருந்தான். முதுகு அவனுடையதுதான், சந்தேகமில்லை. பெட்டி யாருடையது?

2009ஆம் ஆண்டு, சித்திரை மாதம். பன்னிரண்டாம் வகுப்பின் நடுவில் பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, கூலிக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சியின் வான் வண்டியில் ஏறி, கனடாவின் ஸ்காபரோவில் ஒரு பரோட்டாத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனான். மூன்றாம் கிழமையே, மூன்று வாரம் முழுதாக முடியுமுன், தன்னை உழைப்பாளிகளின் பாடகன் என்று முடிவு செய்துவிட்டான். நாட்டார் மெட்டு, ரொக் கிற்றார், நண்பன் அலெக்ஸாண்டரின் வீட்டு நிலவறையில் ஒரு ட்ரம்ஸ்.

“பெட்டி போற இடம் தெரியும், என்ர முதுகு போற இடம் தெரியேல்ல” என்பதுதான் பல்லவி.

உண்மை வேறு. உறைந்த பரோட்டாப் பெட்டிகள் பெல்ட்டில் வரும். கடைசியில் நிற்கும் இருவர் அவற்றை மாறி மாறி இறக்கி மரத்தட்டில் அடுக்க வேண்டும். ஒன்று அன்ரிக்கு, அடுத்தது ஜதுர்சனுக்கு. சரணத்துக்குச் சொல் தேடி அவன் கூரையைப் பார்க்கும் நேரங்களில் அவன் பங்கையும் அன்ரிதான் தூக்கினார். விட்டால் பெட்டிகள் முட்டும், பெல்ட் நிற்கும், சிவப்பு விளக்கு எரியும். யாரால் நின்றதோ அவரை ஏஜென்சி அடுத்த கிழமை கூப்பிடாது.

அன்ரியால் அந்த வேலையை விட முடியாது. விட முடியாத இன்னொன்றும் அவரிடம் இருந்தது, அவருடைய போன். இலங்கையில் போர் நடந்துகொண்டிருந்த வன்னியில் இருந்த தம்பியைப் பற்றி ஐந்து மாதமாக ஒரு தகவலும் இல்லை. வேலையிடத்தில் போன் வைத்திருக்கக் கூடாது. அவர் அதைச் சப்பாத்துக்குள், காலுறைக்கு அடியில் வைத்திருந்தார்.

மே இருபத்து மூன்றாம் திகதி ஒரு தேவாலய மண்டபத்தில் ஜதுர்சனின் முதல் நிகழ்ச்சி நடக்க இருந்தது. தோளில் பெட்டியோடு அவன் நிற்கும் நோட்டீசும் அச்சாகிவிட்டது. அந்த ஒரு பெட்டியைத்தான் அவன் ஒழுங்காகத் தூக்கியிருந்தான். அதுவும் வெறும் பெட்டி.

அதற்கு முன், பதினெட்டாம் திகதி வன்னியில் சண்டை முடிந்தது. செய்தி கேட்டதும் அவனுக்கு முதலில் வந்த நினைப்பு, இந்தத் துக்கத்தில் இனி மண்டபம் கிடைக்காதே என்பது. அதை அவன் ஒருவருக்கும் சொல்லவில்லை.

“சனம் அங்க செத்துப் போச்சு, மச்சான். உன்ர முதுகைப் பற்றி ஆர் கேக்கப் போறான்?” என்றான் அலெக்ஸாண்டர். நிகழ்ச்சி நின்றது.

ஆனாலும் எல்லோரும் வேலைக்கு வந்தார்கள்.

சண்டை முடிந்த ஒன்பதாம் நாள் காலை, பெட்டியைக் கையில் வைத்தபடியே அன்ரி அசையாமல் நின்றார்.

“காலுக்கை அடிக்குது, தம்பி.”

“என்னது?”

“போன்!”

“ஓடுங்கோ அன்ரி. நான் ரெண்டு பேற்ற பெட்டியளையும் பாக்கிறன்.”

அன்ரி அவனை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பார்வையில் நம்பிக்கை துளியும் இல்லை. இருந்தாலும் ஓடினார்.

ஜதுர்சன் தன் பாட்டை முணுமுணுத்து அந்தத் தாளத்துக்குத் தூக்கத் தொடங்கினான். உழைப்பின் தாளம் என்று அவன் அலெக்ஸாண்டருக்கு விளக்கம் கொடுத்த தாளம் அது. பல்லவி முடிவதற்குள் நான்கு பெட்டிகள் குவிந்தன. பாட்டை விட்டுவிட்டு வெறும் மூச்சோடு தூக்கினான். ஒரு பெட்டி காலில் விழுந்தது. இன்னும் மூன்று முட்டின. சிவப்பு விளக்கு எரிந்தது.

சூப்பர்வைசர் ஸ்ரீநிவாசன் சென்னைக்காரர். ஓடி வந்தார்.

“என்னப்பா ஆச்சு? அந்தம்மா எங்க?”

ஜதுர்சனுக்கு நன்றாகப் பொய் சொல்ல வராது. வாயில் வந்ததைச் சொன்னான்.

“அன்ரி இப்பதான் பாத்ரூம் போனவ. என்னாலதான் நிண்டது. பாட்டு ஒண்டு யோசிச்சுக்கொண்டு நிண்டுட்டன்.”

ஸ்ரீநிவாசன் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. “அதானே பார்த்தேன்!” என்று அவன் பெயரை எழுதிக்கொண்டார். அவனுடைய கலைக்கு உலகம் கொடுத்த முதல் அங்கீகாரம் அது.

அன்ரி திரும்பி வந்தபோது முகம் முழுக்க ஈரம்.

“இருக்கிறானாம். வவுனியாவில முகாமில. ஆற்றையோ போனில ரெண்டு நிமிசம் கதைச்சவன்.” பிறகு குவியலைப் பார்த்தார். “உதென்ன கோலம்?”

“என்ர பாட்டு, அன்ரி.”

அன்ரி அழுதுகொண்டே சிரித்தார்.

அடுத்த கிழமை ஜதுர்சனுக்கு வேலை இல்லை. பெல்ட் நின்ற அன்றே, திரும்பும் வழியில் அன்ரி கேட்டதால் வானிலேயே பாடிக் காட்டினான்.

“இழுபடுது. உந்த வேகத்தில பரோட்டா உருகிப் போம்,” என்றார்.

வீட்டுக்குப் போய்ப் பாட்டை வேகமாக்கினான். “என்ர முதுகு” என்ற இடத்தில் “அன்ரின்ர முதுகு” என்று மாற்றி எழுதினான். அன்ரி முதலில் கேட்ட கேள்விக்குப் பதில் அவ்வளவுதான்.

அந்த மண்டபம் பிறகு கிடைக்கவேயில்லை. ஆகவே, உறைந்த பரோட்டா வாங்கும் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால், அடுப்பில் கல் சூடாகும் நேரத்துக்குள் இந்தக் கதையை அவர்களிடம் சொல்லிவிடுங்கள். பாட்டைக் கேட்கச் சொல்லி மட்டும் வற்புறுத்தாதீர்கள்.