ரிக்கர் ஏகாம்பரத்துக்கு ஒரு பீஸ்

1. வாத்து

ஏகாம்பரம் அண்ணன் புத்தகத்தை மூடி, பியானோ மேல் வைத்துவிட்டு எழுந்தார். வகுப்பில் பாதி நேரம்கூட ஆகவில்லை.

“இன்னா டீச்சர், வாத்து படம் போட்டத குட்த்துகினு கீறீங்க. பேத்தி பார்த்தா சிரிப்பா.”

“படத்த பாக்காதீங்கண்ணே, நோட்ட பாருங்க.”

“அதையும் பார்த்தேன். அதுவும் வாத்து நடக்குற மாரிதான் கீது.”

செருப்பை மாட்டிக்கொண்டு கல்மண்டபம் பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்துவிட்டார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ராயபுரத்தில் இந்த முன்னறையில், இதே பியானோவை வைத்துக்கொண்டு எத்தனையோ வருஷமாக வகுப்பு எடுக்கிறேன். சர்ச்சில் இன்று கீபோர்டு வாசிக்கிறவர்களில் பாதிப் பேர் என்னிடம் விரல் வைக்கக் கற்றவர்கள். பாதி வகுப்பில் யாரும் எழுந்து போனதில்லை. போனால் போகட்டும் என்று புத்தகத்தை அலமாரியில் போட்டேன். பிறகு மீன் கழுவிக்கொண்டே மனசுக்குள் அந்தப் பீஸை ஓட்டிப் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான், அசல் வாத்து.

பீஸ் என்றால் பியானோவில் ஒரு உருப்படி. குழந்தைகளுக்குப் பீஸ் தேடுவது பெரிய வேலையில்லை. புத்தகம் இருக்கிறது, கிரேடு இருக்கிறது, வரிசையாகப் போகலாம். பெரியவர்களுக்குத் தேடுவதுதான் பாடு. விரலுக்கு நேற்றுப் பிறந்த வயசு, காதுக்கோ அறுபது வயசு. விரலுக்கு ஏற்றதைக் கொடுத்தால் காதுக்கு மானம் போகிறது. காதுக்குப் பிடித்ததைக் கொடுத்தால் விரல் திணறுகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் எங்கள் பிழைப்பு. புதிதாகச் சொல்லிக்கொடுக்க வருகிறவர்களுக்கு உதவட்டும் என்றுதான் ஏகாம்பரம் அண்ணன் கதையை எழுதுகிறேன்.

2. அவர் வந்த கதை

அண்ணனுக்கு வேலை எண்ணூர் பக்கம் ஒரு யார்டில். ரிக்கர். கிரேன் தூக்கப் போகிற இரும்புக்கு ஸ்லிங் என்கிற கயிற்றை மாட்டி, கீழே நின்று கைசாடை காட்டி, ஏற்றி இறக்க வைக்கிறவர். ஆள் ஓங்குதாங்காக இருப்பார். உள்ளங்கை தடித்துப்போய் இருக்கும். ஓய்வு பெறச் சில மாதங்கள் இருக்கும்போது என் வீட்டுக் கதவைத் தட்டினார்.

“எனக்கு சென்ட் ஆஃப் வெப்பானுங்க டீச்சர். மாலைய போட்டு, சால்வைய போத்தி, ஆளாளுக்கு மைக்க புட்ச்சிகினு பேசுவானுங்க. கடைசில என்னையும் பேச சொல்லுவானுங்க. எனக்கு பேச வராது. ஒரு பீஸு வாசிச்சிட்டு போயிடலாம்னு கீறேன்.”

“பியானோ எதுக்குண்ணே? ஒரு பாட்டு பாடிடலாமே.”

“சின்ன வயசுல ஒரு பியானோவ கிரேன்ல எறக்கினேன். சொந்தக்காரரு பதறிப்போயி, அங்கியே கப்பல் நிக்கிற ஜெட்டியாண்டயே பொட்டிய பிரிச்சு, நின்னுகினே வாசிச்சு பார்த்தாரு. சுத்தி அத்தினி சத்தம். ஆனா அது மட்டும் தனியா கேட்டுச்சு. அத்த மறக்கவே முடியல.”

போனில் ஒரு பீஸைப் போட்டுக் காட்டினார். எல்லாப் பெரியவர்களும் அதே மாதிரி ஒன்றைத்தான் காட்டுவார்கள். மின்னல் மாதிரி ஓடும், பார்க்கவே மலைப்பாக இருக்கும். அது நாலைந்து வருஷ வேலை என்றேன். சரி, வேறு கொடுங்கள் என்றார். ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார்.

“குழந்தைங்க வாசிக்கிற மாரி இருக்கக் கூடாது. எங்க செட்டுல மஸ்தான் பாய் ஒருத்தன் கீறான். என் தோஸ்துதான், ஆனா வாய் சும்மா இருக்காது. அவன் சிரிச்சிட்டா போச்சு. இத்தினி வருஷம் அந்த யார்டுல ஒரு லோடு கூட என் கையில சாஞ்சதில்ல டீச்சர். கடைசி நாள்ல கோமாளியா ஆயிட்டு வெளிய வரக்கூடாது.”

இதைக் கேட்ட பிறகும் வாத்தை எடுத்துக் கொடுத்தவள் நான். கிரேடு ஒன்று என்றால் அதுதான் என்று கை பழகிப்போய்விட்டது.

3. மூன்று ஜெராக்ஸ்

எழுந்து போனவர் அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. நானே மூன்று பீஸ்களை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு காலடிப்பேட்டையில் அவர் வீட்டுக்குப் போனேன். தெருவில் திரும்பும்போதே சத்தம் கேட்டது. போனில் காட்டிய அந்த மின்னல் பீஸின் முதல் இரண்டு வரி, தட்டுத்தடுமாறி. முடிகிறது, மறுபடி முதலிலிருந்து.

கதவைத் திறந்தது அவர் மனைவி கஸ்தூரி. என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார்.

“வாங்க டீச்சர். ரெண்டு வாரமா அந்த ரெண்டு வரியவே ஓட்டிகினு கீறாரு. மூணாவது வரி இன்னான்னு தெரியறதுக்குள்ள நான் போயிடுவேன் போல கீது.”

அண்ணன் வீட்டில் பழக வாங்கியிருந்த கீபோர்டு முன்னால் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூன்று தாள்களையும் பரப்பி வைத்தேன். மூன்றுமே பெரிய மேதைகள் பெரியவர்களுக்காக எழுதியவை. படம் கிடையாது. ஒவ்வொன்றும் இரண்டு பக்கத்துக்குள் முடியும். ஒன்று மினுயெட், நாட்டிய நடை. இன்னொன்று எட்டியூட், விரல் பயிற்சி. மூன்றாவது மெதுவான ஒரு சின்ன பீஸ். இடது கை படிப்படியாகக் கீழே வரும், வலது கை அதன் மேல் நிதானமாகப் பாடும். மினுயெட்டைத்தான் எடுப்பார் என்று நினைத்தேன். மூன்றையும் வாசித்துக் காட்டலாம் என்று கையை நீட்டினேன். அதற்குள் மூன்றாவதன் தலைப்பை எழுத்துக் கூட்டிப் படித்தார். மற்ற இரண்டையும் ஒதுக்கி வைத்தார்.

“இது போதும் டீச்சர். இது எனக்கு தெரியும்.”

“தெரியுமா? கேட்டிருக்கீங்களா?”

“வாசிச்சு பார்த்துட்டு சொல்றேன்.”

4. தலைப்பு

ஒழுங்காக வந்தார். விரலும் நான் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் படிந்தது. ஒரே ஒரு தொல்லை. முதல் வரியைக் கணீரென்று தொடங்குவார். போகப் போகச் சத்தம் குறையும். கடைசி வரி அவருக்கும் எனக்கும் மட்டும்தான் கேட்கும். வேகமும் அதேபோல் இளைத்துக்கொண்டே வரும். சீராகத் தாளம் தட்டும் மெட்ரோனோமைத் தட்டிவிட்டேன். அது ஒரு பக்கம் போனது, அவர் ஒரு பக்கம் போனார்.

“அண்ணே, எங்கயாச்சும் மெதுவா வாசின்னு போட்டிருக்கா? சத்தத்த கொறைன்னு போட்டிருக்கா?”

“போட்டு கீதே.”

“எங்க?”

தாளின் உச்சியில் விரலை வைத்தார். தலைப்பு. ஆரியா.

“ஆரியான்னா எறக்குன்னுதான டீச்சர்?”

எனக்குப் புரியவில்லை. அவர்தான் விளக்கினார். கிரேன் வேலையில் லோடை இறக்கச் சொல்லும் வார்த்தை ஆரியா. கப்பல் காலத்துப் பேச்சு, யார் கொண்டுவந்து விட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. தமிழ் ஆளானாலும் பீகார் ஆளானாலும் ‘ஆரியா’ என்றால் இறக்குவான். பீஸை எழுதினவர் உச்சியிலேயே உத்தரவு போட்டுவிட்டார், நாம் அதன்படி வாசிக்க வேண்டியதுதான் என்று அண்ணன் நம்பிக்கொண்டிருந்தார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கவும் முடியவில்லை. “அண்ணே, அது இத்தாலிக்காரங்க வார்த்தை. பாட்டுன்னு அர்த்தம்.”

“அவங்க ஊர்ல பாட்டா இருக்கட்டும். ஆனா இந்த லெப்ட் கைய பாருங்க. படிப்படியா கீழதான வருது? லோடு தரையாண்ட வர்றப்போ எவனாச்சும் அதே ஸ்பீடுல வுடுவானா?”

மெட்ரோனோமை நிறுத்திவிட்டு, அவர் சொன்ன மாதிரியே நான் ஒரு முறை வாசித்துப் பார்த்தேன். எனக்குக் கற்றுத்தந்தவர்கள் யாரும் அந்தப் பீஸை அப்படி வாசித்ததில்லை. நன்றாகத்தான் இருந்தது. கடைசி வரி மட்டும் கேட்கிற அளவுக்கு வேண்டும் என்றேன். அதற்கு ஒப்புக்கொண்டார். நானும் மீதியை விட்டுக்கொடுத்தேன்.

5. கேன்டீன்

சென்ட் ஆஃப் யார்டு கேன்டீனில் நடந்தது. நானும் கஸ்தூரியும் முன்வரிசையில் உட்கார்ந்தோம். சாப்பாட்டு மேசை மேல் கீபோர்டு, கீழே கம்பியோடு, சத்தத்தை நீட்டிக்க ஒரு பெடல். மாலை போட்டார்கள், சால்வை போர்த்தினார்கள், ஆளாளுக்குப் பேசினார்கள். பின்னால் ஒரு கூட்டம் கேலி பேசிக்கொண்டே இருந்தது. வெள்ளைத் தாடியோடு சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தவர்தான் மஸ்தான் பாய் என்று கஸ்தூரி காட்டினார்.

“இன்னா மாமு, கச்சேரியா? துண்டு விரிச்சி வெக்கட்டா?” என்று பாய் குரல் கொடுத்தார். கேன்டீனே சிரித்தது. கஸ்தூரி முந்தானையைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

அண்ணன் மைக்கில் ஒரே ஒரு வரி சொன்னார். “பீஸு பேரு ஆரியா.”

அவ்வளவுதான். சிரித்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் வாயை மூடினார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கஸ்தூரிதான் காதோரம் சொன்னார்: “ஆரியான்னு குரல் குட்த்தா, லோடு தரைக்கு வர்ற வரிக்கும் யாரும் பேசக் கூடாது டீச்சர். சிக்னல் குடுக்கறவர் மட்டும்தான்.” டீ கிளாஸை அடுக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றார். போனில் பேசிக்கொண்டிருந்த மேனேஜரை யாரோ தோளைத் தொட்டு நிறுத்தினார்கள். மஸ்தான் பாய் எழுந்து நின்று, உள்ளங்கையைக் கவிழ்த்து, மெல்லக் கீழே அசைக்க ஆரம்பித்தார். முகத்தில் கேலி இல்லை. வேலை நேரத்து முகம்.

அண்ணன் வாசித்தார். முதல் வரி கணீரென்று வந்தது. இரண்டாவது வரியில், வகுப்பில் ஒருநாளும் தப்பாத இடத்தில், இடது கை தவறான கட்டையில் விழுந்தது. நின்றுவிட்டார். போச்சு, இத்தனை மாதம் பட்ட பாடெல்லாம் போச்சு என்று கண்ணை மூடிக்கொள்ளப் பார்த்தேன்.

மஸ்தான் பாயின் கை சட்டென்று முஷ்டியாக மூடியது. நிறுத்து என்று அர்த்தம். லோடு ஆடினால் நிறுத்தி, ஆட்டம் அடங்கிய பிறகுதான் மறுபடி இறக்குவார்களாம். அந்தக் கேன்டீனில் ஒருவருக்கும் அது தப்பாகவே படவில்லை. அண்ணன் நிமிர்ந்து அந்த முஷ்டியைப் பார்த்தார். நிதானமாகச் சரியான கட்டையைத் தேடி விரலை வைத்தார். பாயின் கை விரிந்தது. பீஸ் இறங்கத் தொடங்கியது.

கடைசிச் சுரத்தைத் தொட்டு, பெடலை மிதித்தபடியே உட்கார்ந்திருந்தார். சத்தம் தேய்ந்து முழுசாக நின்ற பிறகும் யாரும் கை தட்டவில்லை. அவர் காலை எடுத்தார். அதற்கப்புறம்தான் தட்டினார்கள். என்ன தட்டு! நான் அழுதுவிட்டேன். கஸ்தூரி அழவில்லை, மூணாவது வரியைக் கேட்டுவிட்ட நிம்மதியில் சிரித்துக்கொண்டிருந்தார்.

புதிதாகச் சொல்லிக்கொடுக்கிறவர்களே, பெரியவர் ஒருவர் வந்தால் கிரேடு புத்தகத்தை எடுக்காதீர்கள். அவர் நாள் முழுக்க என்ன வேலை செய்கிறார் என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, பத்து பீஸை முன்னால் போட்டு, எதன் மேல் கை போகிறது என்று பாருங்கள். அது ஏன் போனது என்று உங்களுக்குப் புரியாமல் போகலாம். பொறுத்திருந்தால் அவரே சொல்லித் தருவார். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன். வாத்துப் புத்தகம் குழந்தைகளோடு நிற்கிறது.

கேன்டீனில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்த பிறகு அண்ணன் மாலையோடு என்னிடம் வந்தார். வந்த காரியம் முடிந்தது, நன்றி சொல்லிவிட்டுக் கணக்கை முடித்துக்கொள்ளப் போகிறார் என்று நினைத்தேன். ஒரு காரியத்துக்காக வருகிற பெரியவர்கள் அப்படித்தான், அது முடிந்ததும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். நானும் தயாராகத்தான் இருந்தேன், மனசு மட்டும் கொஞ்சம் கனத்தது.

“எறக்கியாச்சு டீச்சர்,” என்றார். “அட்த்த வாரம் வரேன். தூக்குறதுக்கு ஒண்ணு பார்த்து வைங்க.”